மலைவளம் கண்ட மருத்துவர்

திண்டுக்கல் நகரில் நின்று மேற்கே நோக்குவார்க்குச் சமவெளியின் எல்லையில் பழனிமலைத் தொடர் நீலத்திரைபோலத் தோன்றும். கீழே மழை குறைந்த செம்மண் நிலம். மேலே புல் போர்த்த குன்றுகளும், அவற்றின் பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும் உள்ளன. இம்மலையின் செடிகொடிகளை முறையாக ஆராய்ந்தோருள் முற்பட்டவர் இராபர்ட் வைட் என்பவராவார்.

வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். நோயாளரைப் பேணிய நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அவர் தாவரங்களைத் தேடித் திரிந்தார். நாகப்பட்டினம் முதலிய இடங்களில் பணியாற்றியபோது செடிகளைத் திரட்டி உலர்த்திச் சேர்த்தார். 1831இல் விடுப்பில் தாயகம் சென்றபோது அவர் கொண்டுசென்ற மாதிரிகள் ஏறத்தாழ 1,00,000 ஆகும்.

இந்தியா திரும்பிய வைட், 1836இல் வேளாண்மை விளைபொருள்களை ஆராயும் பணியில் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டிலேயே பழனிமலை மீது ஏறினார். கொடைக்கானலில் அயல்நாட்டார் குடியேறுதற்குச் சில ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. வராககிரி எனவும் வழங்கும் அம்மலையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837இல் சென்னையில் வெளிவந்த இதழொன்றில் இடம்பெற்றது.

கண்டவற்றை எழுதுவதோடு அவர் அமையவில்லை. படங்களாகவும் வரைவிக்க விரும்பினார். ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர் அவருக்குத் துணைநின்றனர். கல்லச்சுக்கலையை வைட் தாமே கற்றார். தம் கைப்பொருளையும் செலவிட்டார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. 1842 முதல் கோயம்புத்தூர்ப் பகுதியில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் சோதனையையும் அவர் மேற்பார்த்தார். அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆயினும், படநூற்பணியை அவர் கைவிட்டாரில்லை. 1853இல் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற அவர் 1872இல் இயற்கை எய்தினார்.

வைட் கண்ட மலை அவருக்குப் பின் பெரிதும் மாறியது. புல்வெளி பயனற்ற நிலம் எனக் கருதப்பட்டது. ஆங்கே சீகை, தைலமரம், பைன் முதலிய அயல்நாட்டு மரங்கள் நடப்பெற்றன, வேளாண்மையும் பரவியது. 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்தில் பழனிமலைப் புல்வெளிகளில் மூன்றில் இரு பங்கு மறைந்ததை ஆய்வாளர் செயற்கைக்கோள் படங்களால் அறிந்தனர்.

இஃது ஒரு மலையின் இழப்பு மட்டுமன்று. புல்லும் சோலையும் மழைநீரைத் தாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு ஈகின்றன. திண்டுக்கல் நகரின் தாகம் தீர்க்கும் ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்திற்கும் பழனிமலையிலிருந்தே நீர் வருகின்றது. ஆகவே, மேலே உள்ள புல்லின் வாழ்வோடு கீழே உள்ள ஊரின் வாழ்வும் பிணைந்துள்ளது.

முன்பு இருந்தது இன்னது என அறிந்தாலன்றி இழந்தது எவ்வளவு என அறிய இயலாது. அவ்வறிவுக்கு வைட் போன்றோர் விட்டுச்சென்ற உலர்ந்த செடிகளும் ஓவியங்களும் குறிப்புகளும் உதவுகின்றன. எளிய புல்லையும் ஏடுகளில் பதித்து வைத்த அவருடைய உழைப்பு என்றும் போற்றத்தக்கதாகும்.