தாமஸ் மானின் வாழ்வும் ‘புடன்புரூக்ஸ்’ நாவலின் குடும்பக் குறிப்பேடும்

முன்னுரை

தலைமுறைகள் கடந்து காக்கப்படும் நினைவுப்பொருள், குடும்ப நாவல்களில் குடும்பத்தின் நிலைபேற்றைக் குறிக்கும் குறியீடாக அமைவதுண்டு. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மானின் (1875–1955) முதல் நாவலான ‘புடன்புரூக்ஸ்’ படைப்பில் அவ்விடத்தைப் பெறுவது ஒரு குறிப்பேடு. அதனைக் குடும்ப வீழ்ச்சியின் குறியீடாகக் கொள்வது இயல்பு. ஆசிரியரின் வாழ்வோடு இணைத்து நோக்கும்போது அதன் பொருள் விரிவடைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

இழப்பும் ஆவணமும்

வடஜெர்மனியின் துறைமுக நகரான லூபெக்கில் தானிய வணிகக் குடும்பத்தில் மான் பிறந்தார். குடும்ப நிறுவனம் 1890இல் நூற்றாண்டு கண்டது. மறு ஆண்டே தந்தை மறைந்தார். அவர் எழுதிய உயிலின்படி நிறுவனம் கலைக்கப்பட்டது. அப்போது மானுக்கு வயது 16. தாய் மியூனிக்கில் குடியேற, 1894இல் மானும் அங்குச் சென்றார். 1897இல் அண்ணன் ஹைன்ரிக்குடன் இத்தாலியில் தங்கியிருந்தபோது நாவலுக்காகக் குடும்ப ஆவணங்களையும் உறவினர்தம் நினைவுகளையும் திரட்டினார். தங்கை யூலியா, அத்தை எலிசபெத்தின் வாழ்வை விரிவாக எழுதியனுப்பினார். அந்த அத்தையே டோனி என்னும் பாத்திரத்தின் முன்மாதிரி. நாவல் 1901இல் வெளிவந்தது.

குறிப்பேட்டின் மூன்று நிலைகள்

நாவலில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவை குறிப்பேட்டில் பதியப்படுகின்றன. முன்னோர் பெயர்களை வாசித்து உள்ளம் நெகிழும் டோனி, தான் விரும்பாத மண உறுதியைத் தானே அதில் எழுதுகிறாள். பின்னர் மணமுறிவும் அதே ஏட்டில் இடம்பெறுகிறது. இங்குக் குறிப்பேடு தனிமனித விருப்பத்தை அடக்கும் குடும்பத்தின் குரலாகிறது.

அடுத்து, சிறுவன் ஹானோ தன் பெயருக்குக் கீழே இரட்டைக்கோடு வரைகிறான். தந்தை சினந்து வினவ, இனி எதுவும் வராது என எண்ணியதாகக் கூறுகிறான். பின்னாளில் நச்சுக்காய்ச்சலால் அவன் இறக்க, ஆண்வழி மரபு முடிகிறது.

ஆயினும் ஏடு அழிவதில்லை. இறுதியில் அது டோனியிடம் சேர்கிறது. எஞ்சிய பெண்களுடன் வாரந்தோறும் கூடி அதனை வாசிக்க அவள் விரும்புகிறாள். எழுதப்பட்ட ஏடு வாசிக்கப்படும் ஏடாக மாறுவதே மூன்றாம் நிலை.

முடிவுரை

மானின் வாழ்விலும் இம்மாற்றமே நிகழ்ந்தது. நிறுவனம் முடிந்தபின் அவர் குடும்ப ஆவணங்களின் வாசகரானார்; அவ்வாசிப்பே நாவலாயிற்று. 1929இல் நோபல் பரிசு பெறுவதற்கு அந்நாவலே முதன்மைக் காரணமாயிற்று. 1933இல் அவர் தாயகம் நீங்கினார். நாவலின் களமாக அமைந்த பாட்டனார் இல்லம் 1942இன் குண்டுவீச்சில் முகப்பொழிய அழிந்தது. வணிகமும் வீடும் மறைந்தபின் நிலைத்தது எழுத்தே. எனவே ஹானோவின் இரட்டைக்கோடு வணிக மரபின் முடிவைக் குறிக்கிறதேயன்றிக் குடும்ப நினைவின் முடிவைக் குறிக்கவில்லை என்பது புலனாகிறது.