கணக்கும் கொடையும்: ஜோன் மேனாட் கெயின்ஸ்

பொருளியல் படித்த நம் பழைய மாணவிகள் கெயின்ஸ் என்ற பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியவர்கள். மருத்துவம் படிக்கப் போன எங்களுக்கோ அப்பெயர் வேறு வழியாக வந்தது. இரத்தம் ஏற்றுவதில் முன்னோடியும், மார்புப் புற்றுநோய்க்கு முழு மார்பையும் அகற்றாமல் சிகிச்சை செய்யலாம் என்று காட்டியவருமான சத்திரசிகிச்சை நிபுணர் ஜெஃப்ரி கெயின்ஸ் அவருடைய தம்பி.

மேனாட் கெயின்ஸ் 1883 ஜூன் 5இல் கேம்பிரிட்ஜில் பிறந்தார். தந்தையார் பல்கலைக்கழக ஆசிரியர். தாயார் ஃபுளோரன்ஸ், பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்காத அக்காலத்திலேயே நியூன்ஹாம் கல்லூரியில் படித்தவர். 1932இல் அந்நகரின் மேயரானவர்.

1906இல் லண்டனில் இந்திய அலுவலகத்தில் சேர்ந்த கெயின்ஸ், இரண்டு ஆண்டுகளில் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிக் கற்பித்தார். முதலாம் உலகப் போர் அவரைத் திறைசேரிக்கு அழைத்தது. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில், தோற்ற ஜேர்மனியால் கட்டவே முடியாத இழப்பீடு சுமத்தப்படுவதைக் கண்டு பதவி விலகினார். அதைப்பற்றி அதே ஆண்டில் எழுதிய நூல் அவரை உலகறியச் செய்தது.

அடுத்து வியாபாரம். 1920இல் நாணய வர்த்தகத்தில் கைப்பணம் ஏறக்குறைய முழுவதையும் இழந்தார். நண்பர்களின் பணமும் போனது. கடனை அடைத்து மீண்டார். 1921 முதல் 1938 வரை ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தலைவராக இருந்தார். கிங்ஸ் கல்லூரியின் நிதிப் பொறுப்பாளராக அவர் வளர்த்த நிதியொன்று 30,000 பவுணிலிருந்து 380,000 பவுணானது.

1936 அவருடைய நிறைவான ஆண்டு. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகும்போது அரசாங்கம் செலவைச் சுருக்கக் கூடாது, கூட்ட வேண்டும் என்று நிறுவிய பெருநூல் அப்போதுதான் வெளிவந்தது. பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தில் கேம்பிரிட்ஜில் ஓர் அரங்கைக் கட்டித் திறந்ததும் அவ்வாண்டிலேயே. மனைவி லிடியா லொப்போகோவா ருஷ்ய பலே நடனக் கலைஞர். அரங்கைப் பின்னர் ஒரு நம்பிக்கை நிதியத்திடம் ஒப்படைத்துவிட்டார். ஏலத்தில் சிதறவிருந்த நியூட்டனின் கையெழுத்துப் பிரதிகளில் கணிசமான பகுதியைத் தேடி வாங்கிச் சேர்த்து, கல்லூரிக்கே விட்டுச்சென்றார்.

இத்தனை சிறப்புடையவர் இனமேம்பாட்டுக் கொள்கையையும் ஆதரித்தார். வைத்தியர்களாகிய எங்களால் அதை ஏற்க முடியாது.

1937இல் இதயம் பழுதானது, மாதக்கணக்கில் ஓய்விலிருந்தார். ஆயினும் 1940இல் சம்பளமின்றித் திறைசேரிக்குத் திரும்பினார். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் 44 நாடுகள் கூடி சர்வதேச நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அத்திவாரமிட்டபோது, பிரித்தானியக் குழுவின் தலைவர் அவரே. கடன்பட்ட நாடு மட்டுமன்றி, பணம் குவித்த நாடும் சுமையைப் பங்கிட வேண்டுமென்பது அவருடைய திட்டம். அமெரிக்கா இணங்கவில்லை. 1945இல் அதே அமெரிக்காவிடம் தம் நாட்டுக்காக 3,750 மில்லியன் டொலர் கடன் கேட்டுப் பல வாரம் பேசவேண்டியும் வந்தது. 1946 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, 62 வயதில் காலமானார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர்.

இலங்கை 1950இல் அந்த நிதியத்தில் சேர்ந்தது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துகள் தட்டுப்பட்டபோது, சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போடும் நிலை நம் நாட்டு வைத்தியசாலைகளுக்கு ஏற்பட்டது. 2023 மார்ச்சில் நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடனுக்கு இணங்கியது. வரிகளும் மின்கட்டணமும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. சுமை யாருக்கு என்று கெயின்ஸ் எழுப்பிய கேள்வி எங்கள் நோயாளர் கட்டில்வரை வந்துவிட்டது.

வங்கியிலும் அமைச்சிலும் சங்கக் கணக்குகளிலும் பொறுப்பேற்றிருக்கும் பழைய மாணவிகள் நம்மிடையே பலர். எந்தச் செலவைக் குறைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் நாம் இருக்கும்போது, அந்தக் கட்டிலில் கிடப்பவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.