பாதியில் நின்ற இம்போசிஷன்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. கரிசலும் கருவேலமும் நிறைந்த வானம் பார்த்த பூமி. ஆற்றில் வருஷத்தில் பல மாதங்கள் மணல்தான் ஓடும். ஆனால் ஊருக்குப் பெருமை உண்டு. பூமிநாதர் கோயில் கொண்ட தலம். சுந்தரர் பாடிய பதி.

இந்த ஊரில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நள்ளிரவில், சுந்தரமய்யருக்கும் அழகம்மைக்கும் இரண்டாவது மகன் பிறந்தான். வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று கைகூப்பியது இந்தப் பிள்ளையைத்தான்.

தந்தையின் கனவு

சுந்தரமய்யர் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கெழுதும் வேலையில் தொடங்கியவர். பிறகு மனு எழுதினார். பட்டம் பெறாமலே வக்கீல் தொழில் நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். ஆங்கிலம் அறிந்தவனுக்கே உத்தியோகம் என்றிருந்த காலம் அது. பிள்ளைகள் இங்கிலீஷ் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று அவர் விரும்பியதில் வியப்பில்லை.

வேங்கடராமன் திருச்சுழியில் ஆரம்பப் பாடம் படித்தான். திண்டுக்கல்லில் ஓராண்டு படித்தான். 1892-ல் தந்தை காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்தவன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டுக்குச் சென்றார்கள்.

சொக்கப்ப நாயக்கன் தெருவில் வீடு. முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, அப்புறம் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. பையனுக்குக் காற்பந்து பிடிக்கும், மல்யுத்தம் பிடிக்கும், நீச்சல் பிடிக்கும். பாடத்தில் அவ்வளவு ஊக்கம் இல்லை. ஒரு தடவை கேட்டால் மறக்காத ஞாபகசக்தி மட்டும் காப்பாற்றி வந்தது.

கதை செய்த வேலை

1895 நவம்பரில் ஒரு நாள், திருச்சுழியில் பழக்கமான உறவினர் ஒருவரைச் சந்தித்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார் அவர். பையன் திகைத்துப் போனான். அருணாசலம் என்பது ரயிலேறிப் போகக்கூடிய ஓர் ஊரா? அது திருவண்ணாமலைதான் என்று பெரியவர் விளக்கினார்.

சில நாட்களில் சித்தப்பா இரவல் வாங்கி வந்திருந்த பெரிய புராணம் கையில் அகப்பட்டது. பள்ளியில் நடந்த பைபிள் பாடத்தைத் தவிர அவன் படித்திருந்த சமய நூல் அநேகமாக அது ஒன்றுதான். அறுபத்து மூவர் கதையும் அவனை உலுக்கிவிட்டன. வேடர், குயவர், வண்ணார், அரசர் என்று பலவகை மனிதர்கள். எல்லாருக்கும் ஒரே பித்து. இப்படியும் வாழ முடியுமா என்ற ஏக்கம் பிறந்தது.

1896 ஜூலை மத்தியில், மாடியில் தனித்திருந்தபோது காரணமின்றி மரண பயம் வந்தது. பையன் அலறவில்லை, யாரையும் அழைக்கவில்லை. பிணம்போலப் படுத்து, சாவது எது என்று தன்னுள்ளே ஆராய்ந்தான். உடல்தான் சாகும், தான் சாவதில்லை என்ற தெளிவு அப்போதே உண்டாயிற்று. அதற்குப் பின் மீனாட்சி கோயிலில் அறுபத்து மூவர் சிலைகளுக்கு முன் கண்ணீர் வழிய நிற்பது வழக்கமாகிவிட்டது. பள்ளிப் புத்தகம் பெயருக்குத் திறந்திருந்தது.

மூன்று ரூபாய்

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காமல் போனதற்குத் தண்டனையாக, பெயின் எழுதிய இலக்கண நூலிலிருந்து ஒரு பகுதியை மூன்று முறை எழுதவேண்டும். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாம் முறை பேனா ஓடவில்லை. புத்தகத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான்.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி இருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்று கடிந்துகொண்டார். தம்பிக்கு அது வசையாகப் படவில்லை, நியாயமாகப் பட்டது.

பள்ளியில் மின்சாரம் பற்றித் தனி வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்தான். அப்படியானால் என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். சித்தி பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பழைய தேசப்படத்தில் வழி தேடினான். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டு ரூபாயை ஒரு சீட்டுடன் வைத்தான். நல்ல காரியத்துக்கே போவதாகவும், தேடவேண்டாம் என்றும் அதில் கண்டிருந்தது. அண்ணன் சம்பளம் கட்டப்படவில்லை என்பதை எழுத மறக்கவில்லை. கையெழுத்து மட்டும் போடவில்லை.

திண்டிவனம் டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. விழுப்புரத்திலிருந்தே மலைக்கு ரயில் உண்டு என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. காசு மாம்பழப்பட்டு வரைதான் போதியது. பிறகு நடை, பசி, காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு. செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்த பையனுக்கு வயது பதினாறு. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அந்த மலையை விட்டு அவர் நகரவே இல்லை.

பட்டதாரிகள் தேடி வந்தார்கள்

1902-ல் தத்துவப் பட்டதாரியான சிவப்பிரகாசம் பிள்ளை வந்தார். ரெவினியூ இலாகா உத்தியோகஸ்தர். மௌனமாயிருந்த இளந்துறவியிடம் கேள்விகள் கேட்டார். பதில்கள் எழுத்திலேயே வந்தன. அவையே நான் யார் என்னும் சிறு நூலாயின. கல்லூரி வாசலை மிதிக்காதவரிடம் கல்லூரி கண்டவர் பாடம் கேட்டார்!

1931-ல் பால் பிரண்டன் வந்தார். 1934-ல் அவர் எழுதிய புத்தகம் ரமணரின் பெயரை மேல்நாடுகளில் பரப்பியது. 1938-ல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். 1944-ல் அவர் வெளியிட்ட தி ரேசர்ஸ் எட்ஜ் நாவலில் ரமணரின் சாயலில் ஒரு குரு தோன்றினார். ஆங்கில இலக்கணத்தைத் தள்ளி வைத்தவர் ஆங்கில இலக்கியத்திலே இடம் பெற்றார்!

ஆனால் பெரிய புராணத்தை மட்டும் அவர் தள்ளவில்லை. ஆசிரமத்தில் அடியார்களின் கதைகளைத் தாமே சொல்வார். கேட்பவர் கண்ணெதிரே பாத்திரங்கள் நடமாடும். உருக்கமான கட்டம் வந்தால் அவருக்கே தொண்டை அடைத்துக்கொள்ளும். கதை பாதியில் நின்றுவிடும்.

1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு ரமணர் மறைந்தார். திருச்சுழியில் அவர் பிறந்த வீடு இன்று சுந்தர மந்திரம். மதுரையில் அவர் இருந்த வீடு ரமண மந்திரம். மூன்றாம் முறை எழுதவேண்டிய அந்த இலக்கணப் பாடம் எழுதப்படவே இல்லை.