கரும்பின் குலம் கண்ட அம்மையார்

மலைபடுகடாம் போற்றும் நவிரமலை நம் பருவதமலையே என்பதும், அப்பாட்டில் ஓடும் சேயாறு நம் வயல்களை நனைக்கும் செய்யாறே என்பதும் இவ்விலக்கிய வட்டத்தார்க்குப் புதிய செய்திகள் அல்ல. அப்பாட்டின் பல்வேறு ஓசைகளுள் கரும்பாலையின் ஓசையும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பொதுத்தமிழ் வகுப்பில் அப்பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். அதியமானின் முன்னோர் இந்நிலத்திற்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்னும் ஔவையாரின் புறப்பாட்டுச் செய்தியையும் சேர்த்துச் சொன்னேன். தாவரவியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, மன்னர்கள் கொணர்ந்த கரும்பு இருக்கட்டும், கரும்பை ஆராய்ந்த பெண்கள் எவரேனும் உண்டா என்று கேட்டாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அந்த நாணம் என்னை நூலகத்திற்கு அனுப்பியது. அங்கே நான் கண்ட ஒருவரின் வாழ்க்கையையே இங்கு எழுதுகிறேன்.

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4-ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். தலச்சேரி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதி. வழக்குகளுக்கிடையே தோட்டத்தையும் பறவைகளையும் கூர்ந்து நோக்கிக் குறிப்பெழுதியவர். உடன்பிறந்தோர் நிறைந்த அவ்வீட்டில் தமக்கையரும் தங்கையரும் ஒருவர்பின் ஒருவராக மணம் முடித்துச் செல்ல, ஜானகி மட்டும் சென்னைக்குப் படிக்க வந்தார். இராணி மேரிக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1921-இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சிறப்புப் பட்டமும் பெற்றார். பின்னர்ச் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்காலப் பெண்ணொருத்திக்கு இதுவே பெருஞ்சிறப்பு. இத்துடன் அவர் நிறைவடைந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென வழங்கிய பார்பர் உதவித்தொகை அவரைத் தேடிவந்தது. வீட்டில் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளை அது. அவர் கப்பல் ஏறினார். குடிவரவு அலுவலர்கள் அவரை எல்லிஸ் தீவில் நிறுத்திவைத்தனர் என்றும், அவர் உடுத்தியிருந்த உடையைக் கண்டு இந்திய இளவரசியோ என்று ஐயுற்றனர் என்றும், தாம் அதை மறுக்கவில்லை என்றும் பின்னாளில் நகைச்சுவையாகச் சொல்வாராம். பட்டுச்சேலை செய்யும் மாயத்தை ஆரணிப் பக்கத்தவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதுகலைப் பட்டத்துடன் திரும்பி மீண்டும் கற்பித்தார். மறுபடியும் சென்று 1931-இல் அறிவியல் முனைவரானார். இந்தியப் பெண்களுள் அமெரிக்காவில் தாவரவியலில் அத்தகைய பட்டம் பெற்ற முன்னோடி அவர்.

இரண்டாண்டு திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தபின், 1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். கோயம்புத்தூரை ஏன் தேர்ந்தார்கள் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. கரும்பைக் கரணை நட்டே வளர்க்கிறோம். அது பூப்பதை உழவர் விரும்புவதில்லை. புதிய வகையை உண்டாக்கவோ பூவும் விதையும் வேண்டும். அவ்வூர்த் தட்பவெப்பத்தில் கரும்பு நன்கு பூத்து முளைக்கும் விதை தந்தது. பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1912-இல் நிலையத்தைத் தொடங்கினார். வெங்கட்ராமன் அவருடன் இணைந்தும் அவர்க்குப் பின்னரும் பணியாற்றினார். தடித்து இனித்த தென்னாட்டு வெள்ளைக் கரும்பு வடநாட்டுக் குளிரையும் நோயையும் தாங்கவில்லை. ஆகவே அதனை ஆற்றங்கரை நாணலோடு கலந்தனர். அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் வகை 1918-இல் உழவர் கைக்கு வந்தது.

பட்டினத்தார் வரலாற்றில் பேய்க்கரும்பு இனித்த இடமே வீடுபேற்றின் இடம். இந்த அறிஞர்களோ அத்தகைய காட்டுப்புல்லிடம் இனிப்பை நாடவில்லை. அதன் வலிமையை நாடினர்.

இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர் ஜானகி அம்மாளே என்று சிலர் எழுதுவது மிகை. அவர் வருமுன்பே கோ 205 வயலில் இருந்தது. அவர் செய்தது வேறு, என் கருத்தில் அதனினும் ஆழமானது. எந்தப் புல் எதனோடு சேரும், சேர்ந்தால் பிள்ளைக்குத் தாய்வழி எவ்வளவு தந்தைவழி எவ்வளவு என்பதை நுண்ணோக்கியின்கீழ்க் குரோமோசோம்களை எண்ணி எண்ணிக் கண்டார். தறியில் ஓர் இழை தப்பினால் விரலே அறிந்துகொள்ளும் நெசவாளரின் பொறுமை அது. கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து ஆராய்ந்தார். நாணலின் பல்வகைகளைத் திரட்டிப் பரப்பை ஆய்ந்து, அது இந்திய மண்ணுக்கு உரியது என்பதை நிலைநாட்டத் துணைசெய்தார். 1935-இல், இராமன் முந்தைய ஆண்டு பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

புல்லின் குலத்தை எண்ணியவரை மனிதர் விடவில்லை. மணமாகாத பெண், அதிலும் பிற்படுத்தப்பட்டதெனக் கருதப்பட்ட தீயர் சமூகத்தவர். உடன் பணியாற்றிய ஆடவரோடு இணக்கம் அரிதாயிற்று. கலப்பினத்தின் வலிமையை நாள்தோறும் கண்ட இடத்தில் இது நடந்தது என்பதை நினைக்க என் மனம் ஆறவில்லை.

1939-இல் எடின்பரோவில் கூடிய அனைத்துலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். போர் மூண்டது, இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிலையத்தில் உயிரணு ஆய்வாளர் பணி கிடைத்தது. இரவில் குண்டு விழும்போது கட்டிலடியில் புகுந்துகொள்வதும், காலையில் அடுக்குகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வதும் வழக்கமாயிற்றாம். அச்சூழலில் டார்லிங்டனோடு இணைந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேடு 1945-இல் வெளிவந்தது. பின்னர் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஊதியம் பெற்று அங்குப் பணியாற்றிய முதற்பெண் அவரே.

விஸ்லியில் மக்னோலியா நாற்றுகளின்மீது கோல்ச்சிசின் என்னும் மருந்தைச் செலுத்திக் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். இம்மருந்துப்பொருள் நம் காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. குறிஞ்சிப் பாக்களில் காதலியின் விரலுக்கு உவமையாகும் அதே காந்தள்! கவிஞர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா வகையொன்று உண்டு.

நேருவின் அழைப்பை ஏற்று 1950-களின் தொடக்கத்தில் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைத் திருத்தியமைக்கும் தனி அலுவலரானார். அலகாபாத்தில் மையத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். உணவுப் பெருக்கத்தின் பெயரால் காடுகள் வீழ்ந்துகொண்டிருந்த காலம். ஷில்லாங்கிலிருந்து முப்பத்தேழு மைல் பயணம் செய்து, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒற்றை மக்னோலியா மரமொன்றைக் காணச் சென்றார். அது எரிக்கப்பட்டிருந்தது. 1955-இல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை மாற்றியது குறித்துக் கூடிய கருத்தரங்கில் அழைக்கப்பெற்ற ஒரே பெண் அவர். இந்தியாவின் தன்தேவை வேளாண்மையைப் பற்றி அங்குப் பேசினார். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956-இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பின்னர் ஜம்மு, டிராம்பே எனப் பணியிடங்கள் மாறின. அவற்றை விரித்தெழுத இடமில்லை.

1970-இல் ஓய்வுக்கென்று சென்னை வந்தவர் ஓயவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதிப்புறு அறிவியலாளராக, மதுரவாயல் கள ஆய்வகத்தில் மூலிகைகளை வளர்த்து வாழ்ந்தார். உடைமைகள் சில, மஞ்சள் சேலை, நிறைய செடிகள். 1977-இல் பத்மஸ்ரீ வந்தது. அதே காலத்தில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தோர் வரிசையில் எண்பது வயதில் அவரும் நின்றார். வெறும் முழக்கமிடவில்லை, நீரில் மூழ்கவிருந்த காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கத் திட்டமிட்டார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலிலேயே மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் தம்பதியர் 2018-இல் தாம் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

இச்செய்திகளைத் திரட்டிக்கொண்டு வகுப்புக்குச் சென்றபோது அம்மாணவி வரவில்லை. பட்டப்படிப்பு முடியுமுன்னரே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தோழியர் கூறினர். மாலையில் அவள் வீட்டுக்குச் சென்றேன். தந்தையார் இரண்டு காணி கரும்பு பயிரிடுபவர். ஜானகி அம்மாளின் கதை முழுவதையும் திண்ணையில் அமர்ந்து கேட்டார். உதவித்தொகை, பட்டம், பத்மஸ்ரீ எவையும் அவரை அசைத்ததாகத் தெரியவில்லை. தம் வயல் கரும்பிலும் நாணலின் இரத்தம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இன்று பயிராகும் கரும்பு வகைகள் பெரும்பாலும் அவ்வழி வந்தவையே என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். முதலில் ஓராண்டு படிக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லி, முதுகலை விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். நான் புறப்படுகையில் செய்யாற்றங்கரை வரை உடன் வந்து, அங்கே வெண்மையாகப் பூத்துக்கிடந்த நாணலைச் சுட்டி, இதுதானா அது என்று மகளைக் கேட்டார்.