எட்டு ஐதரசன் குறைந்த கணக்கு

மகளின் இரசாயனவியல் புத்தகத்தில் கணக்காளனான எனக்கு விளங்கிய ஒரே பக்கம், நிரம்பாமை அளவு பற்றியது. வெறும் கழித்தல்தான். ஆறு காபன் சங்கிலியாக நின்றால் 14 ஐதரசனைப் பிடிக்கும். பென்சீனில் இருப்பது 6. குறைவது 8, அதாவது நான்கு சோடி. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ பொறுப்புச் சொல்லவேண்டும்.

அந்த நான்குக்கும் பொறுப்புச் சொன்னவர் ஓகஸ்ட் கெகுலே. 1829 இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். கட்டடக்கலை படிக்கக் கீசன் பல்கலைக்கழகத்துக்குப் போய், லீபிக்கின் விரிவுரைகளைக் கேட்டு இரசாயனத்துக்கு மாறினார். பிறகு பாரிஸ், சுவிட்சர்லாந்து, இலண்டன், ஹைடல்பேர்க் என்று அலைச்சல். 1858 இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பேராசிரியரானார். அங்கே பிரெஞ்சில்தான் படிப்பிக்கவேண்டும். இரவல் மொழியில் உழைப்பது எப்படியென்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1863 இல் மகனைப் பெற்ற கையோடு மனைவி ஸ்டெபானி இறந்துபோனார். கைக்குழந்தையோடு தனித்துப்போன அந்த மனிதர், இரண்டு வருடம் முடியுமுன், 1865 ஜனவரியில், பென்சீன் பற்றிய கட்டுரையைப் பிரெஞ்சில் வெளியிட்டார்.

பரீட்சை மீதி சமப்பட்டால் பிழையே இல்லை என்று அர்த்தமல்ல. வர்த்தகம் படித்தவர்களுக்கு இது முதல் பாடம். நான்கு இரட்டைப் பிணைப்புள்ள திறந்த சங்கிலிக்கும் கூட்டுத்தொகை நான்குதான். ஆனால் அப்படியொரு சங்கிலி புரோமீனை உடனே சேர்த்துக்கொள்ளும். பென்சீன் இலேசில் சேர்க்காது. அதன் ஒரு ஐதரசனை எடுத்துக் குளோரீனை வைத்தால் கிடைப்பது எப்போதும் ஒரே பொருள். ஆகவே ஆறு இடமும் ஒரே மாதிரி. ஒரு வளையம், அதற்குள் மூன்று இரட்டைப் பிணைப்பு: கணக்கு நான்கு.

வாலைக் கவ்விய பாம்பைக் கனவில் கண்டதாக அவர் சொன்னது 25 வருடம் கழித்து, 1890 இல், பேர்லின் விழாவில். எல்லோருக்கும் பாம்புதான் நினைவிருக்கிறது. எனக்கென்னவோ குளோரீன்தான் பெரிதாகப் படுகிறது.

அவருடைய கணக்கிலும் ஒரு வித்தியாசம் நின்றது. இரட்டை, ஒற்றை என்று பிணைப்புகள் மாறி மாறி வந்தால், அடுத்தடுத்த இரண்டு இடங்களில் குளோரீன் வைக்கும்போது இரண்டு வகைப் பொருள் வரவேண்டும். வந்தது ஒன்றுதான். மற்றவர்கள் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. பிணைப்புகள் ஓயாமல் இடம் மாறுகின்றன என்று 1872 இல் தன் படத்தைத் திருத்தினார். அதுவும் முழுச் சரியல்ல.

1896 இல் பொன் நகரில் காலமானார். 33 வருடம் கழித்துக் கத்லீன் லோன்ஸ்டேல் என்ற பெண் விஞ்ஞானி, பென்சீன் வளையமுள்ள ஒரு பளிங்கை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். வளையம் தட்டையான அறுகோணமாக இருந்தது. ஆறு பக்கமும் ஒரே நீளம்.