ஆகாயத் தபால் சுமந்த ஆன்றி பெக்கே

சேலத்தினின்று புறப்படும் கடிதம் 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே ஒண்டிக்கடையை அடைகின்றது. மலைவாசிகளாகிய நாம் தபாலின் அருமையை நன்கறிவோம். ஆதலின், கடிதப்பையை வானத்தில் ஏற்றிச் சென்ற ஒரு வீரரது சரிதத்தை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

ஆன்றி பெக்கே என்பார் 1888-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்திற் பிறந்தவர். விமானமென்பது மரச்சட்டமும் துணியும் கம்பியுமாய் இருந்த அக்காலத்தில், இளமையிலேயே அதனைச் செலுத்தக் கற்றார். 1911-ஆம் ஆண்டு அலகாபாத் பொருட்காட்சிக்கு வால்ட்டர் விண்டம் என்னும் ஆங்கிலேயர் விமானங்களைக் கொணர்ந்தபொழுது, பெக்கேயும் உடன் வந்தார்.

அந்நகரில் மாணாக்கர் விடுதியொன்றிற்குப் பொருள் வேண்டியிருந்தது. விடுதிக்குப் பொருள் திரட்டுவோர் படும் பாட்டைச் சங்கப் பணியில் உழைத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விண்டம் தபால் இலாகாவின் இசைவு பெற்று, விமானத்திற் செல்லும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஆறணா விசேஷக் கட்டணம் விதித்து, அத்தொகையை விடுதிக்கு உரிமையாக்கினார். சற்றேறக்குறைய 6,500 கடிதங்கள் குவிந்தன. பிப்ரவரி 18-ஆம் நாள், 23 வயதினரான பெக்கே அப்பையுடன் எழும்பி, யமுனையைக் கடந்து, ஏறக்குறைய 6 மைல் தொலைவிலுள்ள நைனியில் இறங்கினார். பிடித்த நேரம் 13 நிமிடம்! உலகில் அரசாங்க அங்கீகாரத்துடன் விமானத்திற் சென்ற முதல் தபால் அதுவே என்பர்.

அக்கடிதங்களின்மீது, மலைகட்குமேல் விமானம் பறப்பதாகிய முத்திரை செந்நிற மையிற் பதிக்கப்பெற்றது. படம் அச்சிட்ட அட்டைகள் சிலவற்றில் பெக்கே தம் கையொப்பமும் இட்டார். பிற்காலத்தில் விமானிகளின் கையெழுத்துக்களைச் சேகரிப்போர் இவற்றைப் பெரும்பொருள் கொடுத்துத் தேடலாயினர். ஆயினும் நம் கருத்து வேறு. கையொப்பம் எங்கும் எக்காலத்தும் இடத்தக்கது. அதனைப் போலி செய்வாரும் உளர். அன்று யமுனையைத் தாண்டியதற்குச் சாட்சி அம்முத்திரையே. ஆகையால் கையொப்பமில்லாத எளிய உறையையும், முத்திரை செவ்விதாயிருப்பின், நம் குடும்பத்தார் எவரும் பழம்பெட்டியினின்று எறிந்துவிடலாகாது. அவ்வுறைக்குரிய ஆறணாவும் விடுதிக்கே சென்றதன்றோ?

பெக்கே நெடுங்காலம் வாழ்ந்தார். 1961-ஆம் ஆண்டு, அப்பறத்தலின் பொன்விழாவில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட தபால்தலைகளுள் ஒன்றில் அவர் செலுத்திய விமானமும் அப்பழைய முத்திரையும் பொறிக்கப்பெற்றன. அதன்பின் 13 ஆண்டு கழித்து, 1974-இல், அவர் காலமானார்.