பதிவேட்டிலிருந்து அழிக்கச் சொன்ன ஊர்... அரசு அச்சகமே அச்சிட்ட வரலாறு! - கால்டுவெல்லின் 'நெல்லை' கதை

கால்டுவெல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1856-ல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்தான். மெரினா கடற்கரையில் 1968-ல் அவருக்குச் சிலை வைத்ததற்கும் அதுதான் முக்கியக் காரணம். ஆனால், நெல்லைக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொரு புத்தகமும் இருக்கு. 1881-ல் அவர் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாறு. அதை அச்சிட்டது, சென்னை மாகாண அரசின் அச்சகம்.

யார் இந்த கால்டுவெல்?

1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1838 ஜனவரியில் கிறிஸ்தவ மதப் பணியாளராகச் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். 1841-ல் நெல்லைச் சீமைக்கு வந்தவர், தேரிக்காட்டை ஒட்டியுள்ள இடையன்குடியில் குடியேறினார். கிட்டத்தட்ட 50 வருஷம் அதுதான் அவருக்குச் சொந்த ஊர். அங்கே அவர் கட்டிய தேவாலயம் முடியவே 33 வருஷம் ஆனது. 1877-ல் பிஷப் ஆனார்.

அரசு ஏன் வரலாறு அச்சிட்டது?

அப்போது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு தயாரிக்கும் வேலையில் மாகாண அரசு இருந்தது. மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868-ல் வந்தது. நெல்லைக்கு ஸ்டூவர்ட் எழுதியது 1879-ல் வந்தது. புதிதாக வரும் கலெக்டருக்கு நிலம், வரி, சாதி, பாசனம் என எல்லாம் ஒரே இடத்தில் தெரியணும். மக்களுக்காக அல்ல, நிர்வாகத்துக்காக உருவான தகவல் அது. கால்டுவெல்லின் புத்தகமும் இந்த வரிசையை ஒட்டி வந்ததுதான். பழங்காலத்தில் தொடங்கி, 1801-ல் நெல்லை முழுசாக ஆங்கிலேயர் கைக்குப் போனதோடு அது முடிகிறது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு என்ன ஆனது?

விஷயமே இங்கேதான் இருக்கு. 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டே வருஷத்தில் ஊமைத்துரை தலைமையில் மறுபடி போர் வெடித்தது. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. கம்பெனி அதோடு விடவில்லை. கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தை உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். ஊர் பெயரையே மாவட்டப் பதிவேடுகளிலிருந்து நீக்க உத்தரவு போட்டார்கள்.

80 வருஷம் கழித்து இதையெல்லாம் கால்டுவெல் எழுதினார். ஆக, ஒரு அரசு தன் பதிவேட்டிலிருந்து அழிக்கச் சொன்ன பெயர், அரசு அச்சகத்திலேயே அச்சாகித் திரும்பி வந்தது.

அப்போ அவர் நம்ம பக்கமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர் நம்பிய ஆதாரங்களில் பெரும்பகுதி ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் குறிப்புகளும் அரசு ஆவணங்களும். அதனால் பாளையக்காரர்கள் அதில் கலகக்காரர்களாகத்தான் தெரிவார்கள். எதிர்த்தரப்பின் கதை கும்மிப் பாட்டிலும் கதைப்பாடலிலும்தான் உயிரோடு இருந்தது. 1849-ல் அவர் நாடார் சமூகம் பற்றி எழுதிய இன்னொரு நூலும் அந்தச் சமூகத்திடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அச்சில் ஏறிய தவறான கருத்தை எதிர்த்துப் போராட எத்தனை வருஷம் ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

மண்ணும் ஒரு ஆவணம்

காகிதத்தை மட்டும் அவர் நம்பவில்லை. கொற்கையில் தோண்டிப் பார்த்து, அதுபற்றி 1877-ல் கட்டுரை வெளியிட்டார். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, கொற்கைத் துறைமுகம் உள்நாட்டு ஊராகிப்போனதை விளக்கினார். அதே கொற்கையில் 2021-ல் தமிழக தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது.

1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் காலமான கால்டுவெல், இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். நெல்லையின் பழைய மாவட்ட ஆவணங்களை இன்று சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். 1974-ல் பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது.

அரசுத் தகவலைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேட்கணும்: இதை யாருக்காக எழுதினார்கள்? இதில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கு? நெல்லையின் கதை கேட்கச் சொல்வது இதைத்தான்.